மஸ்ஜித் இந்தியாவுக்கு மேலே 650 கிலோமீட்டரில்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவில் நகை வாங்கியவர்களுக்கு 916 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அந்தக் கலப்பைச் சோதிக்க உரைகல்லும் அமிலமும் போதும் என்றிருந்த காலம் போய், நகைத் தொழிலில் இன்று ஒரு சிறு பெட்டி இடம் பிடித்துவிட்டது. மோதிரத்தைப் பெட்டியில் உள்ள சிறு திறப்பின் மேல் வைத்து மூடியைச் சாத்துகிறார்கள். கீழிருந்து எக்ஸ் கதிர் அதன்மேல் பாய்கிறது. கதிர் பட்ட தங்க அணு பதிலுக்கு ஓர் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. அதன் ஆற்றல் 9.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். செம்பு உமிழ்வது 8, வெள்ளி உமிழ்வது 22. எந்த ஊர்த் தங்கமானாலும் எந்தக் காலத்துத் தங்கமானாலும் இந்த எண்கள் மாறா. பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கான் உணர்வி, வந்து விழும் ஒவ்வொரு கதிர்த்துகளையும் எண்ணி, ஆற்றல்வாரியாகப் பிரித்துத் திரையில் காட்டிவிடும். மோதிரத்தில் ஒரு கீறல்கூட விழாது.

இதே சோதனையை நிலாவின்மேல் நடத்தப் பார்த்தபோதுதான் எக்ஸ் கதிர் வானியல் உண்மையில் பிறந்தது. சூரியனின் எக்ஸ் கதிர் நிலாத்தரையில் பட்டால் அங்குள்ள தனிமங்களும் தத்தம் ஆற்றலில் ஒளிர வேண்டும். அந்த ஒளிர்வை அளந்தால், நிலாவுக்குப் போகாமலேயே அதன் மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு இதற்காக 1961 அக்டோபரில் ஒரு ராக்கெட்டை ஏவியது. கருவியை மூடியிருந்த கதவு திறக்கவில்லை. 1962 ஜூன் 18, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து அடுத்த ராக்கெட் கிளம்பியது. 80 கிலோமீட்டருக்கு மேலே அது இருந்தது வெறும் ஆறு நிமிடம். அதிலிருந்த மூன்று கைகர் எண்ணிகளில் இரண்டுதான் வேலை செய்தன.

நிலாவிலிருந்து எதிர்பார்த்த ஒளிர்வு அகப்படவில்லை. விருச்சிக மண்டலத்தின் திசையில் மிகப் பிரகாசமான ஒரு மூலம் அகப்பட்டது. அதைத்தான் எல்லாரும் கொண்டாடினார்கள், கொண்டாடத்தக்கதும்தான். ஆனால் அந்த ஆறு நிமிடப் பதிவில் இன்னொன்றும் இருந்தது. ராக்கெட் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டே போனது, எண்ணிகளும் அதோடு வானத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக எக்ஸ் கதிர் வந்துகொண்டிருந்தது. இதுவே பிரபஞ்ச எக்ஸ் கதிர்ப் பின்னணி. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணி 1965இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்கும் மூன்று ஆண்டுகள் முந்திய கண்டுபிடிப்பு இது. பள்ளிப் புத்தகங்களில் நுண்ணலைக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்காதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

அது எவ்வளவு வருகிறது? காற்று மண்டலத்துக்கு மேலே விரல் நகம் அளவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை வானத்தைப் பார்த்து விரித்தால், 2 முதல் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குள் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 30 ஃபோட்டான்கள் அதில் விழும். இரவு, பகல், எந்தத் திசை என்ற பேதமில்லை. கீழே ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நிற்பவர்மேல் ஒன்றுகூட விழாது. நம் தலைக்கு மேலுள்ள காற்று 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான சுவர். இந்த ஆற்றல் உள்ள எக்ஸ் கதிரால் அதில் சிறு பங்கைக்கூடத் தாண்ட முடியாது. அதனால்தான் இந்த அளவீட்டுக்கு விண்வெளிக்கே போக வேண்டியிருக்கிறது.

இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முதலில் மிக அழகான ஒரு விடை கிடைத்தது. 1977இல் ஏவிய ஹீயோ-1 செயற்கைக்கோள் 3 முதல் 50 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பின்னணியின் நிறமாலையை அளந்தது. பல கோடி பாகை வெப்பத்தில் கொதிக்கும் மெல்லிய வாயு உமிழும் நிறமாலையோடு அது அச்சாகப் பொருந்தியது. ஆக, விண்மீன் திரள்களுக்கு இடையே பிரபஞ்சம் முழுக்கச் சூடான வாயு பரவியிருக்கிறது என்று பலர் நினைத்தார்கள். பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் சந்தேகிப்பதே கடினமாக இருந்தது. ஆனால் அப்படியொரு வாயு இருந்தால், அதன் ஊடாக வரும் நுண்ணலைப் பின்னணியை அது சற்றே கலைத்துவிட வேண்டும். 1989இல் ஏவிய கோபி செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணியை அளந்தபோது அதில் அப்படி எந்தக் கலைவும் தெரியவில்லை. ஒரு பின்னணியைப் பற்றிய கோட்பாட்டை இன்னொரு பின்னணி வீழ்த்தியது. வாயு இல்லையென்றால், அன்றைய கருவிகளால் பிரித்தறிய முடியாத எண்ணற்ற தனித்தனி மூலங்களின் கூட்டொளியாகத்தான் இது இருக்க வேண்டும்.

1990 ஜூன் 29 அன்று ரோசாட் தொலைநோக்கி நிலாவை எடுத்த படம் இந்த இடத்தில் மறக்க முடியாதது. சூரியன் பட்ட பாதி எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. ஜக்கோனி 28 ஆண்டுகளுக்கு முன்பு தேடியது இதைத்தான். இருண்ட பாதியோ சுற்றியுள்ள வானத்தைவிடக் கறுப்பாக இருந்தது. நிலா தனக்குப் பின்னாலிருந்து வரும் பின்னணியை மறைத்து, அதில் தன் நிழலைப் பதித்திருந்தது. இந்த ஒளி நிலாவுக்கு அப்பால் இருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அந்த மூலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய தொலைநோக்கிக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க முடியாது என்று கணக்கிட்டவர் அவர். அப்போது வயது 19. பின்னாளில் பல ஆண்டுகள் கருந்துளைகளின் கணிதத்திலேயே மூழ்கியிருந்து, 1983இல் அதைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நோபல் பரிசும் அதே ஆண்டில்தான். 1995இல் அவர் மறைந்தார். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் சந்திரா தொலைநோக்கி கிளம்பியது. எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும், மிகச் சாய்வாக உரசிச் சென்றால் மட்டுமே திரும்பும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இணை உருளைக் கண்ணாடிகள், இரிடியம் பூச்சோடு, அரை வில்விநாடி அளவுக்கு நுணுகிப் பார்க்கும்படி அதில் அமைந்தன.

தெற்கு வானில் ஒரு சிறு பகுதியைச் சந்திரா ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தது. மொத்தம் 70 லட்சம் நொடிகள், அதாவது 81 நாள் பார்வை. 2017இல் வெளியான பட்டியலில் அந்தத் துண்டு வானத்தில் 1,008 மூலங்கள் இருந்தன. மிக மங்கலானவற்றிலிருந்து சில நாட்களுக்கு ஒரு ஃபோட்டான்தான் வந்து சேர்ந்திருக்கும். அந்தப் படத்தின் நடுப்பகுதியில் உள்ள நெருக்கத்தை முழுநிலா அளவுக்கு விரித்தால் சுமார் 5,000, வானம் முழுக்க என்றால் 100 கோடி. இவற்றில் பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் திரள்களின் நடுவே அமர்ந்து வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் ராட்சதக் கருந்துளைகள். விழும் வாயு சூடேறி எக்ஸ் கதிராக ஒளிர்கிறது. 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே பின்னணியில் 80 முதல் 90 சதவீதம் இப்படித் தனி மூலங்களாகப் பிரிந்துவிட்டது.

ஆனால் பிரித்தது இத்தனை சதவீதம் என்று சொல்ல, மொத்தம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். கடினமான வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரு விண்மீனை அளப்பவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வெற்று வானத்தையும் பார்த்து, இரண்டையும் கழித்துக்கொள்வார். பின்னணியை அளப்பவருக்கோ பக்கத்து வெற்று வானம் என்று ஒன்று கிடையாது, எங்கே திரும்பினாலும் அளக்க வேண்டிய பொருள்தான் இருக்கிறது. இதற்கிடையே கருவி தன் பங்குக்கும் எண்ணிக்கையைக் கூட்டும். விண்வெளியில் எந்நேரமும் பாயும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் உணர்வியைத் தாக்கி, எக்ஸ் கதிர் வந்ததுபோல் பதிவாகும். சுற்றியுள்ள உலோகத்தையும் தாக்கி அதையும் ஒளிர வைக்கும். சந்திராவின் உணர்வியில் வானத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு சிகரம் 9.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் நிற்கிறது. அது கருவியின் பாகங்களில் பூசிய தங்கத்தின் ஒளிர்வு. நகைக்கடைப் பெட்டி தேடிப்பிடிக்கும் அதே கோடு இங்கே களைந்தெறிய வேண்டிய இரைச்சல்.

தங்கம் நிறுப்பவர் முதலில் வெறும் தட்டின் எடையைப் பார்ப்பார். சந்திராவிலும் அதையே செய்தார்கள். உணர்வியைக் கண்ணாடியின் குவியத்திலிருந்து நகர்த்தி, வானமே தெரியாத ஓர் ஒதுக்கிடத்தில் வைத்துப் பல மணி நேரம் எண்ணவிட்டார்கள். அந்த எண்ணிக்கை முழுவதும் கருவியின் சொந்தச் சரக்கு. இருண்ட நிலாவைப் பார்த்து எடுத்த பதிவும் அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள். நிலாவின் இருண்ட பக்கத்திலும் மெல்லிய எக்ஸ் கதிர் சிறிது தெரிந்தது. அது நிலாவிலிருந்து வரவில்லை, சூரியக்காற்று பூமியைச் சூழ்ந்துள்ள மெல்லிய ஹைட்ரஜனில் மோதுவதால் நம் வாசலிலேயே பிறக்கிறது என்று 2001இல் எடுத்த பதிவுகள் காட்டின. இவ்வளவையும் கழித்த பிறகு, 2006இல் ரையன் ஹிக்காக்ஸும் மாக்சிம் மார்க்கெவிச்சும் சந்திராவைக் கொண்டு பின்னணியின் அளவை வெளியிட்டார்கள்.

சந்திராவின் நீள்வட்டப் பாதை நிலாவுக்குப் போகும் வழியில் மூன்றிலொரு பங்குத் தூரம் வரை எட்டும். பூமியின் காந்தப்புலம் அங்கே காவலுக்கு வராது, துகள் இரைச்சல் அதிகம். இரைச்சல் குறைந்த இடம் எது என்று தேடினால் விடை நம் தலைக்கு மேலேயே கிடைக்கிறது.

காஸ்மிக் கதிர்கள் மின்னூட்டம் உள்ளவை, காந்தப்புலம் அவற்றை வளைத்துத் திருப்பி அனுப்பும். துருவங்களில் இந்தத் தடுப்பு அநேகமாக இல்லை. காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தடுப்பு கூடும். உலகிலேயே தடுப்பு மிக வலுவாக இருப்பது இந்தியாவின் தெற்கிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை நீளும் பகுதியின் மேல்தான். இங்கே ஒரு புரோட்டான் நேராக இறங்கி வர வேண்டுமானால் 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். தாய்லாந்தின் டோய் இந்தனோன் மலையில் உள்ள நியூட்ரான் கண்காணிப்பு நிலையம், நிலையான நிலையங்களிலேயே மிக உயர்ந்த தடுப்புள்ள இடத்தில் இருப்பதாகப் பெயர் பெற்றது. 1963 நவம்பரில் இந்தியா தன் முதல் ராக்கெட்டை ஏவக் கேரளக் கடற்கரையின் தும்பாவைத் தேர்ந்ததற்கும் காந்த நடுக்கோடு அங்கே போவதுதான் காரணம். அறுபதுகளின் பிற்பகுதியில் விஞ்ஞானி யூ. ஆர். ராவின் குழு அதே தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளை ஏவி எக்ஸ் கதிர் மூலங்களை அளந்தது.

2015 செப்டம்பர் 28 அன்று ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் கிளம்பியது, இந்தியாவின் முதல் முழு விண்வெளி வான்நோக்ககம். உயரம் 650 கிலோமீட்டர், பாதையின் சாய்வு நடுக்கோட்டுக்கு 6 பாகை. ஏவுதளமோ வடக்கே 13.7 பாகையில். அங்கிருந்து 6 பாகைச் சாய்வுக்குப் போக ராக்கெட் வழியில் திரும்ப வேண்டும், அதற்குத் தனியாக எரிபொருள் செலவு. இரைச்சல் குறைந்த வானத்துக்காக அந்தச் செலவைச் செய்தார்கள். நடுக்கோட்டை ஒட்டிப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. தென் அட்லாண்டிக்கின் மேல் கதிரியக்கப் பட்டை தாழ்ந்து கிடக்கும் பகுதியில் உணர்விகளை அணைத்துவைக்க வேண்டும். இந்தப் பாதை அதன் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்கிறது.

கோலாலம்பூர் நடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆஸ்ட்ரோசாட் ஒவ்வொரு சுற்றிலும் நம் வானத்தைக் கடந்தே தீர வேண்டும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 13 அல்லது 14 முறை, எந்தச் சுற்றிலும் தொடுவானிலிருந்து 25 பாகைக்குக் குறையாத உயரத்தில், சில சுற்றுகளில் நேர் உச்சியில். சென்னைக்கு அது ஒருபோதும் உச்சியில் வராது. 2012இல் ஏவிய அமெரிக்காவின் நூஸ்டார் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் அதே 6 பாகைச் சாய்வில்தான் சுற்றுகிறது, 2024 புத்தாண்டு நாளில் இந்தியா ஏவிய எக்ஸ்போசாட்டும் அப்படியே. மலேசியாவே 2009இல் ரசாக்சாட் செயற்கைக்கோளை 9 பாகைச் சாய்வில் அனுப்பியது. நாட்டை அடிக்கடி படமெடுக்க வேண்டும் என்பது அதன் தேவை. எக்ஸ் கதிர் வானியலாளர்கள் இங்கே வருவது அமைதியைத் தேடி.

ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதன் கண்ணாடி என்பது மெல்லிய அலுமினியத் தகடுகள் 320, ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்குகள், எல்லாவற்றின் மேலும் தங்கப் பூச்சு. சாய்வாக வரும் எக்ஸ் கதிரைத் திருப்ப இதைவிட நல்ல பொருள் சிலவே உண்டு. ஆனால் 2.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே தங்கம் கதிரை உறிஞ்சும் விதம் சட்டென்று மாறும், எடுக்கும் ஒவ்வொரு நிறமாலையிலும் அதன் தடம் விழும், அதையும் கணக்கில் எடுத்துக் களைய வேண்டும். இதே செயற்கைக்கோளில் செனான் வாயு நிரப்பிய மூன்று பெரிய எண்ணிகளும் இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு விண்மீனை ஆராய்பவர்கள் வெற்று வானத்தைப் பார்த்து எடுத்த எண்ணிக்கையைக் கழிப்பார்கள். கழிக்கப்படும் அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு, நூறு கோடி கருந்துளைகளின் ஒளி.

மொத்த அளவீட்டில் எனக்கு மிகப் பிடித்த கதை நூஸ்டாருடையது. அதன் கண்ணாடிகளுக்கும் உணர்விகளுக்கும் நடுவே 10 மீட்டர் தூரம். மடித்து ஏவிய ஒரு கம்பம் விண்வெளியில் நீண்டு இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் குழாய் இல்லை, திறந்தவெளி. அதனால் கண்ணாடியின் வழியே வராமல், ஓரிரு பாகை தள்ளியுள்ள வானத்தின் ஒளி பக்கவாட்டில் நேராக உணர்வியில் விழுந்துவிடுகிறது. விண்மீன்களை ஆராய்பவர்களுக்கு இது நீங்காத தொல்லை. ரோமன் கிரிவோனோஸும் சகாக்களும் இந்தத் தொல்லையையே அளவுகோலாக்கினார்கள். கண்ணாடி இடையில் இல்லாததால் அதன் திறனைப் பற்றிய ஐயங்களும் இல்லை. உணர்வியின் எந்த மூலையில் எவ்வளவு வானம் தெரியும் என்பது வெறும் வடிவியல், அதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். கருவியின் சொந்த இரைச்சல் வேறு விதமாகப் பரவியிருக்கும். இரண்டையும் பிரித்து, 3 முதல் 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான பின்னணியை 2021இல் வெளியிட்டார்கள். ஹீயோ-1 தந்த அளவைவிட அது சுமார் 8 சதவீதம் கூடுதல்.

எட்டு சதவீதம் பெரிதா? நகைக்கடையில் 916 என்று சொன்ன நகை எட்டு சதவீதம் மாறினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். பின்னணியின் மொத்த அளவு, பிரபஞ்ச வரலாறு முழுவதும் கருந்துளைகள் விழுங்கிய பொருளின் கணக்கு. அந்த ஒளியின் ஆற்றல் உச்சம் 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே இருக்கிறது. குவேசார் எனப்படும் பிரகாசமான சாதாரணக் கருந்துளைகளின் ஒளியைக் கூட்டினால் இந்த உச்சம் வராது, அவற்றின் ஒளியில் குறைந்த ஆற்றல் பங்கு அதிகம். 1989இல் ஜன்கார்லோ செட்டியும் லோடவெய்க் வோல்ட்யரும் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. பெரும்பாலான கருந்துளைகள் அடர்ந்த வாயுத் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. குறைந்த ஆற்றல் கதிரைத் திரை விழுங்கிவிடுகிறது, உயர்ந்த ஆற்றல் மட்டும் ஊடுருவி வெளியே வருகிறது. திரை மிக மிகத் தடித்தவை எத்தனை என்பது பின்னணியின் சரியான உயரத்தைப் பொறுத்தது, அந்த உயரத்தில் எட்டு சதவீதம் ஏறினால் மறைந்திருக்கும் கருந்துளைகளின் எண்ணிக்கையே மாறும்.

2024 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ரஷ்ய வீரர்கள் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். எம்விஎன் என்று பெயர். சுழலும் ஒரு மூடி அதன் உணர்விகளை மாற்றி மாற்றி மறைத்துத் திறக்கிறது. மூடியபோது கருவியின் இரைச்சல் மட்டும், திறந்தபோது இரைச்சலோடு வானமும். பின்னணியை 1 சதவீதத் துல்லியத்தில் அளப்பது அதன் இலக்கு. மூலங்களைப் பிரிக்கும் வேலையோ உயர்ந்த ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே நடந்திருக்கிறது. 8 முதல் 24 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை நூஸ்டாரால் தனித்தனியாகச் சுட்டிக்காட்ட முடிந்தது பின்னணியில் சுமார் 35 சதவீதம்தான். அதற்கு மேலே, உச்சம் இருக்கும் 30க்கு அருகில், இன்னும் குறைவு.